மாடியில தண்ணி கட்டிட்டு கப்பல் ஏறலாமா? அக்கா பதில்கள்

இந்தத் தடவை வந்த கேள்வியில பாதி கப்பலைப் பத்தி, மீதி பாதி கொத்தனாரைப் பத்தி. லீவு விட்டாச்சுன்னு அதுலயே தெரிஞ்சு போச்சு. ரெண்டும் சேர்ந்து மாட்டிக்கிட்டவங்க கேள்வியோட, தனித்தனியா வந்ததுலயும் சிலதை மட்டும் எடுத்துக்கிறேன், மத்தவங்க கோவிச்சுக்காதீங்க.

அக்கா, மடிப்பாக்கத்துல தனி வீடு, பழசு. மே நடுவுல காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் நாலு குடும்பமா சிங்கப்பூர் போய் அங்கிருந்து மூணு ராத்திரி க்ரூஸ் புக் பண்ணிட்டோம், ஒரு வாரத்துக்கு மேல வீடு பூட்டித்தான் இருக்கும். இப்போ வீட்டுக்காரர் மொட்டைமாடி வாட்டர் ப்ரூஃபிங், ஒரு பாத்ரூம் டைல்ஸ், வீடு முழுக்க பெயிண்ட் எல்லாம் இந்த லீவுலயே முடிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். மேஸ்திரிகிட்ட சாவியைக் குடுத்துட்டுப் போனா வர்றப்போ முடிஞ்சிருக்கும்ங்கிறார். ட்ரிப்பை கேன்சல் பண்ணிடவா?

கேன்சல் எல்லாம் வேண்டாம்மா. உங்க வீட்டுக்காரர் சொல்றது பெயிண்டுக்கு சரி, மத்த ரெண்டுக்கும் சரியில்ல. பெயிண்ட் கண்ணுக்குத் தெரியுற வேலை, மோசமா அடிச்சா வந்து பார்த்ததும் தெரிஞ்சிடும், திரும்ப அடிக்கச் சொல்லலாம். வாட்டர் ப்ரூஃபிங்கும் பாத்ரூமும் அப்படி இல்ல. உள்ள என்ன பண்ணாங்கன்னு மேல வர்ற கோட்டும் டைல்ஸும் மூடிடும், ஒழுகுற அன்னைக்குத்தான் தெரியும், அதனால மூடி மறைக்கிற வேலை நடக்குறப்போ வீட்டு ஆள் யாராவது பக்கத்துல நிக்கணும்.

அதனால மாடியை இப்பவே ஆரம்பிச்சு கிளம்புறதுக்கு முன்னாடி முடிச்சிடுங்க. பழைய பாசி, பொருக்கு எல்லாத்தையும் கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சுக் கழுவி, நல்லா காய விடணும், உள்ள ஈரம் நின்னா மேல அடிக்கிற கோட்டு கொப்புளிச்சு உரிஞ்சு வரும். விரிசலை அடைக்கணும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலையை கவனமா பூசணும், பெரும்பாலான ஒழுகல் அங்கதான் ஆரம்பிக்குது. மழைக்குழாய் பக்கம் வாட்டம் சரியா இருக்கான்னு ஒரு பக்கெட் தண்ணி ஊத்திப் பாருங்க. கத்திரி வெயில்ல மத்தியானம் பன்னெண்டு மணிக்கு கோட்டு அடிக்க விடாதீங்க, தளம் கொதிக்குற சூட்டுல மேல சட்டுனு காய்ஞ்சிடும், பிடிமானம் இருக்காது, விடிகாலையில ஆரம்பிச்சு வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும். முதல் கோட்டு கிழக்கு மேற்கா அடிச்சா ரெண்டாவது தெக்கு வடக்கா அடிக்கச் சொல்லுங்க.

எல்லாம் காய்ஞ்சப்புறம் (எத்தனை நாள்னு டப்பாவுல போட்டிருக்கும், மேஸ்திரி சொல்றதைக் கேக்காதீங்க) மழைக்குழாய் வாயை அடைச்சு ரெண்டு இஞ்ச் தண்ணி கட்டி ரெண்டு நாள் விட்டு கீழ சீலிங்கைப் பார்க்கணும். மேல தண்ணி குறைஞ்சிருக்கான்னு பார்க்காதீங்க, மே மாச வெயில்ல அது ஆவியாகியே குறையும், சீலிங்ல ஈரம் படருதாங்கிறதுதான் கணக்கு. இந்த ரெண்டு நாளும் நீங்க வீட்ல இருக்கணும். தண்ணியைக் கட்டி விட்டுட்டு கப்பல் ஏறினா ஒழுகுறதை பார்க்க ஆள் இல்ல. மே மாசம்தானே மழை எங்க வரப்போகுதுன்னும் நினைக்காதீங்க, 2016 மே மாசம் ரோனு புயல் வந்தப்போ சென்னையில நல்ல மழை, காயாத கோட்டு மேல அந்த மாதிரி ஒரு மழை விழுந்தா அவ்வளவுதான்.

மாடி தாங்குதுன்னு தெரிஞ்சு, சீலிங்ல பழைய ஈரம் காய்ஞ்சப்புறம்தான் பெயிண்ட், வரிசையை மாத்தாதீங்க. ஈரத்து மேல அடிச்சா மூணு மாசத்துல பூத்து உதிரும். புதுசா பூசின சுவர் இருந்தா அது 28 நாள் ஆறணும், அந்த இடத்தை மட்டும் விட்டு வைங்க. நீங்க இல்லாத ஒரு வாரத்துல பெயிண்ட் நடக்கிறது நல்லதுதான், முக்கியமா குழந்தைங்க இருக்கிற வீட்ல. பழைய பெயிண்டை உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்கிறப்போ வர்ற தூசியில காரீயம் இருக்கலாம். நம்ம நாட்டுல வீட்டு பெயிண்ட்ல காரீயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்துல 90 பங்கு) வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான், அதுக்கு முன்னாடி அடிச்ச சுவரை ஈரத்துணி வச்சு தேய்க்கச் சொல்லுங்க, வந்ததும் தரையை பெருக்காம ஈரமாவே துடைங்க.

சாவி மேஸ்திரிகிட்ட மட்டும் இருக்க வேண்டாம். அண்ணனோ மாமாவோ சாயங்காலம் ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் பூட்டிட்டுப் போகட்டும். நகை, பத்திரம் வீட்ல வைக்காதீங்க, ஒரு ரூமை சாமானோட பூட்டிடுங்க, வீட்ல ஆள் இல்லன்னு லோக்கல் ஸ்டேஷன்ல சொல்லிட்டுப் போங்க, ரோந்துல பார்த்துப்பாங்க. பாத்ரூமை வந்தப்புறம் வச்சுக்கங்க. ஒரு பாத்ரூம்தானே, ஜூன் மாசம் ஓடியா போகும்?

கோயம்புத்தூர்ல இருந்து எழுதுறேன். நாங்க மூணு குடும்பம், அப்புறம் தனியா பொண்ணை வளர்க்கிற ஒரு ஃப்ரெண்ட். மொத்த க்ரூஸ் செலவையும் நாலா பிரிச்சுக்கலாம்னு ஒருத்தி சொல்றா, அவளுக்கு பால்கனி ரூமும் வேணுமாம். எனக்கு இது சரியாப் படல, ஆனா சொன்னா கஞ்சம்னு பேர் வரும்.

பேர் வந்தா வரட்டும், இப்பவே சொல்லிடுங்க, கப்பல்ல ஏறினப்புறம் சொன்னா அதைவிடப் பெரிய பேர் வரும். கப்பல் டிக்கெட் எப்படின்னா, ஒரு ரூமுக்கு ரெண்டு பேர்னு வச்சுத்தான் தலைக்கு விலை. மூணாவது, நாலாவது ஆளுக்கு பெரும்பாலும் குறைச்சுப் போடுவாங்க. ஒரே ஆளா போனா கிட்டத்தட்ட ரெண்டு பேர் காசு. உங்க ஃப்ரெண்டும் பொண்ணும் ரெண்டே பேரு, ரெண்டும் முழு டிக்கெட், அந்த மூணாவது ஆள் சலுகையும் அவங்களுக்கு கிடையாது. இதுல நாலு பேர் இருக்கிற குடும்பம் குடுக்கிற அதே தொகையை ரெண்டே பேரா வர்ற அவங்க தலையில கட்டுறது எந்த ஊர் நியாயம்? சொல்ல சங்கடப்பட்டு அவங்க சிரிச்சுக்கிட்டே குடுத்துடுவாங்க, அதுக்கப்புறம் அடுத்த ட்ரிப்புக்கு வரமாட்டாங்க.

ரூம் காசு அவங்கவங்களோடது. பால்கனி வேணும்னா அவ எடுத்துக்கட்டும், ஜன்னல் இல்லாத உள் ரூம் நீங்க எடுத்துக்கங்க, மூணு ராத்திரிக்கு அதுவே தாராளம், தூங்க மட்டும்தானே போறோம், உள்ள ஒரே இருட்டு, பசங்க ஒன்பது மணி வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க. டிக்கெட்ல வராத செலவுதான் சண்டைக்கு வித்து. தலைக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு சர்வீஸ் சார்ஜ் தனியா வரும், வைஃபை தனி, கூல்ட்ரிங்க்ஸ், பணம் குடுத்து சாப்பிடுற ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், துறைமுகத்துல இறங்கி ஊர் சுத்துறது எல்லாம் தனி. கப்பலுக்குள்ள ரூம் கார்டைத் தேய்ச்சுத்தான் வாங்கணும், ஒவ்வொரு ரூமுக்கும் அவங்கவங்க கிரெடிட் கார்டை இணைச்சிடுங்க, எல்லாத்தையும் என் கார்டுல போடு அப்புறம் பார்த்துக்கலாம்னு ஒருத்தர் சொல்லுவார் பாருங்க, விடாதீங்க, வெளிநாட்டு கரன்சி பில்லுக்கு கார்டுக்காரன் மார்க்கப்னு மேல ஒரு கட்டணம் போடுவான், அதை யார் குடுக்கிறதுன்னு அப்புறம் தனி பஞ்சாயத்து. ஏர்போர்ட் வேன், கரையில டாக்ஸி, இதுக்கு மட்டும் பொதுவா ஒரு தொகை போட்டு ஒருத்தர்கிட்ட குடுங்க, அதைத் தலைக்கணக்குல போடுங்க.

யாராவது கடைசி நேரத்துல வரலன்னா கேன்சல் சார்ஜ் அவங்களோடதுன்னும் குரூப்புல எழுதிப் போட்டுடுங்க. நாள் நெருங்க நெருங்க திரும்ப வர்ற காசு குறைஞ்சுக்கிட்டே போகும். அப்புறம் நாலு குடும்பமும் நாள் பூரா ஒட்டிக்கிட்டே திரியாதீங்கம்மா, ராத்திரி சாப்பாட்டுக்கு மட்டும் ஒண்ணா உட்காருங்க, பேச விஷயமாவது மிச்சம் இருக்கும்.

மாமியாருக்கு 72 வயசு, சுத்த சைவம், பஸ்ல போனாலே வாந்தி. சிங்கப்பூர் கப்பலுக்கு கூட்டிட்டுப் போகலாமா? — திருச்சி வாசகி

தாராளமா கூட்டிட்டுப் போங்க. சிங்கப்பூர்ல இருந்து போர்ட் கிளாங், பினாங்கு பக்கம் போற கப்பல் மலாக்கா நீரிணையில போகுது, ஒரு பக்கம் சுமத்ரா, ஒரு பக்கம் மலேசியா, பெரிய அலை உள்ள வர்றது கம்மி. அவ்வளவு பெரிய கப்பல் நம்ம பஸ் மாதிரி குலுங்காது. இருந்தாலும் ரூம் எடுக்கிறப்போ கீழ் தளத்துல, கப்பலோட நடுப்பகுதியில கேளுங்க, ஆட்டம் அங்கதான் ரொம்பக் கம்மி. வாந்தி மாத்திரையை வாந்தி வர்றதுக்கு முன்னாடியே போடணும், வந்தப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல. ஆனா வயசானவங்களுக்கு அது தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் குடுக்கும், கண் அழுத்தம் இருந்தா இன்னும் கவனம், அவங்க டாக்டரைக் கேட்டுட்டுக் குடுங்க. இஞ்சி மொரப்பா ஒரு பாக்கெட் கைப்பையில இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு கவலைப்படாதீங்க, நம்ம ஊர் கூட்டம் நிறைய போறதால சிங்கப்பூர் கப்பல்ல இந்திய சைவம் கிடைக்கும், புக் பண்றப்பவே சொல்லி வைங்க. ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் எதையும் பெட்டியில வைக்காதீங்க, சூடாகுற சாமானை தீ பயத்துக்காக ஏறுறப்பவே வாங்கி வச்சுப்பாங்க. பஃபேல கை வைக்கிறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்க, கப்பல்ல பரவுற, வாந்தி பேதி வர வைக்கிற நோரோவைரஸுக்கு சானிடைசர் சரியா கேக்காது.

முதல் நாள் பாதுகாப்பு ட்ரில்லுக்கு கால் வலின்னு ரூம்ல உட்கார வைக்காதீங்க. 2012 ஜனவரியில இத்தாலி பக்கம் கோஸ்டா கான்கார்டியா பாறையில மோதி சாஞ்சப்போ 32 பேர் செத்தாங்க, அன்னைக்குத்தான் ஏறின நூத்துக்கணக்கான பேருக்கு ட்ரில்லே நடக்கல. அதுக்கப்புறம்தான் கிளம்புறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ ட்ரில் நடத்தியே ஆகணும்னு சர்வதேச விதியை மாத்தினாங்க. வீல் சேர் வேணும்னா முன்கூட்டியே கேளுங்க, ஏற்பாடு பண்ணுவாங்க.

அக்கா, நான் கப்பல்ல இருந்தே வீடியோ கால் போட்டு வீட்டு வேலையை சூப்பர்வைஸ் பண்ணலாம்னு இருக்கேன். முடியும்ல? — மதுரை

தம்பி, உங்க கூட வர்ற குடும்பத்தை நினைச்சாத்தான் பாவமா இருக்கு.

கப்பல் கரையை விட்டதும் போனை ஏரோப்ளேன் மோட்ல போடுங்க, இல்லன்னா அது சாட்டிலைட் வழியா ஓடுற கப்பல் நெட்வொர்க்கைப் பிடிச்சுக்கும், அந்த ரோமிங் பில்லுல ஒரு ரூம் டைல்ஸ் போட்டுடலாம். வைஃபை பேக் வாங்கினாலும் சுவர்ல விரிசலைக் காட்டுற அளவுக்கு வீடியோ எப்பவும் தெளிவா வராது. கரையில ஒருத்தர்கிட்ட பொறுப்பைக் குடுங்க, இவ்வளவு ரூபாய் வரைக்கும் என்னைக் கேக்காம செலவு பண்ணுன்னு சொல்லிட்டுப் போங்க. மேஸ்திரி சாயங்காலம் நாலு போட்டோ வாட்ஸ்அப்ல போடட்டும், துறைமுகத்துல இறங்குறப்போ பார்த்தாப் போதும். நடுக்கடல்ல உட்கார்ந்துக்கிட்டு பெயிண்டர்கிட்ட கத்தி என்ன ஆகப்போகுது?

சென்னையில இருந்தே கப்பல் போகுதாமே, அதுல போனா பாஸ்போர்ட், விசா அலைச்சல் மிச்சம்தானே? — தாம்பரம்

போகுது, ஆனா வருஷா வருஷம் அட்டவணை மாறும், இந்த சீசன் இருக்கான்னு பார்த்துட்டு ஆசைப்படுங்க. 2022 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துல இருந்து கொர்டீலியாங்கிற க்ரூஸ் கம்பெனியோட எம்ப்ரஸ் கப்பல் கிளம்புச்சு, 1990ல கட்டின கப்பல், முன்னாடி ராயல் கரீபியன்ங்கிற வெளிநாட்டு க்ரூஸ் கம்பெனிகிட்ட இருந்தது. அடுத்த வருஷம் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் போச்சு. இலங்கைக் கரையைத் தொடுற கப்பலுக்கு பாஸ்போர்ட் வேணும், அலைச்சல் மிச்சம் ஆகாது. பாஸ்போர்ட்டே வேண்டாம்னா லட்சத்தீவு இருக்கு, அதுக்கு தனி பெர்மிட், ஆனா மே கடைசியில தென்மேற்குப் பருவமழை நெருங்கிடும், அந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும், அதை அரைப்பரீட்சை லீவுக்கு வச்சுக்கங்க.

சிங்கப்பூர்தான்னா பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்குக் குறையாம செல்லணும். விசாவுல மல்டிபிள் என்ட்ரி இருக்கான்னு பாருங்க, கப்பல் வெளிய போய்த் திரும்பி வந்தா சிங்கப்பூருக்குள்ள ரெண்டாவது தடவை நுழையுற மாதிரி. சிங்கப்பூருக்குள்ள நுழைய ஆன்லைன்ல நிரப்புற அரைவல் கார்டை, அங்க போய்ச் சேர்றதுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள அவங்க அரசு சைட்லயே இலவசமா போடலாம், காசு கேக்கிற சைட் எல்லாம் டூப்ளிகேட்.

கிளம்புறதுக்கு முன்னாடி மேஸ்திரி முழுப் பணமும் கேக்குறார், இல்லன்னா ஆளுங்க வரமாட்டாங்களாம். — வேலூர்

குடுக்காதீங்க. சாமானுக்கு பணத்தை கடைக்கே நேரா போடுங்க, பில் உங்க பேர்ல வரட்டும். கூலியை வேலை முடிய முடிய வாரம் ஒரு தடவை குடுக்கிறதா பேசுங்க, சாயங்காலம் வந்து பார்க்கிற ஆள் கையில அந்தப் பணத்தைக் குடுத்துட்டுப் போங்க, அப்போ ஆளுங்க வருவாங்க. பத்துல ஒரு பங்கை நீங்க திரும்பி வந்து பகல் வெளிச்சத்துல ஒவ்வொரு சுவரா பார்த்தப்புறம் குடுங்க. இன்னொண்ணு, காலி பெயிண்ட் டப்பா ஒண்ணைக்கூட வீசக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போங்க, பில்லுல இருக்கிற எண்ணிக்கையும் டப்பா எண்ணிக்கையும் ஒத்துப் போகுதான்னு பார்க்கலாம், பின்னாடி ஒட்டுப்போட ஷேட் நம்பரும் அதுல இருக்கும்.