தட்டு தொய்வது ஏன்? – வீட்டுத் தச்சு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, பொருநை புத்தகத் திருவிழாவுக்குப் போய்ப் போய் வீட்டில் ஏறக்குறைய 200 புத்தகம் சேர்ந்துட்டு. கடையில் வாங்கின அலமாரி 3 அடி அகலம். ஒரே வருஷத்துல நடுத்தட்டு தொட்டில் மாதிரி தொங்கிட்டு. நானே ஒண்ணு செய்யலாம்னு நினைக்கேன். இதுவரை ரம்பம் பிடிச்சது கிடையாது. நல்ல கனமான மரமா வாங்கினாப் போதுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கனத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நீளத்தைப் பாருங்கள். வரிசை முழுக்கப் புத்தகம் அடுக்கிய தட்டில், நீளம் கூடக்கூடத் தொய்வு அதன் நான்காம் அடுக்காக (நீளத்தை நீளத்தாலேயே நான்கு தடவை பெருக்கும் கணக்கில்) ஏறும். 30 அங்குலத் தட்டை 36 ஆக்கினால் தொய்வு இரண்டு மடங்கு. 24 அங்குலத்தை 36 ஆக்கினால் ஐந்து மடங்கு. கெட்டி அட்டைப் புத்தகங்கள் அடிக்கு 10 கிலோ வரை வரும். அந்தப் பாரம் இறங்காமல் வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும். உங்கள் அலமாரி மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாக இருந்தால், அது அந்தப் பாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, புத்தகத்தை எடுத்த பிறகும் நிமிராது.

முதல் தடவை செய்பவருக்கு 18 மி.மீ. பிளைவுட்தான் சரி. திருகாது, வெடிக்காது. பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் பட்டாலும் ஒட்டு விடாத ரகம் அது. 8-க்கு 4 அடிப் பலகை ஒன்று போதும். 5 அடி உயரம், இரண்டரை அடி அகலம், 10 அங்குல ஆழத்தில் ஐந்து அடுக்கு வந்துவிடும். மொத்தம் 142 அங்குல வரிசை. முக்கால் அங்குலப் புத்தகமாக இருந்தால் 190 நிற்கும்.

பலகை ஏறத்தாழ 35 கிலோ. வீட்டுக்குத் தூக்கி வந்து அறுக்க வேண்டாம். கடையிலோ பக்கத்து மரவாடியிலோ மெஷினில் நீளவாக்கில் கிழித்து வாங்குங்கள்: 10 அங்குலத்தில் இரண்டு துண்டு, 9¼ அங்குலத்தில் இரண்டு துண்டு. 10 அங்குலத் துண்டு ஒவ்வொன்றிலும் 60 அங்குலப் பக்கப்பலகை ஒன்றும் 28½ அங்குலத் தட்டு ஒன்றும் வரும். அந்தத் தட்டு இரண்டையும் பிறகு 9¼ ஆகக் குறைக்க வேண்டும். மூன்றாவது துண்டில் மூன்று தட்டு, நான்காவதில் ஒன்று. மேல்பலகை, அடிப்பலகை, நடுத்தட்டு நான்கு என ஆறும் ஒரே நீளம். மிச்சத்தில் 3 அங்குல அடிக்கட்டையும், தட்டைத் தாங்கும் சின்னக் கட்டையாகப் பத்து ரீப்பரும் (முக்கால் அங்குலச் சதுரம், 9 அங்குல நீளம்) எடுக்கலாம். குறுக்குவாக்கில் மட்டும் தட்டு வெட்ட விடாதீர்கள். மேல்தோலின் ரேகை நீளவாக்கில் ஓடினால்தான் தட்டுக்குப் பலம்.

பக்கப்பலகையில் காடி (பள்ளம்) எடுத்துத் தட்டைச் சொருகுவது அழகுதான். ஆனால் 18 மி.மீ. என்பது ஆறு நூலுக்கு (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) ஒரு மி.மீ. குறைவு. ஆறு நூல் என்று கணக்குப் போட்டுக் காடி எடுத்தால் தட்டு அதற்குள் ஆடும். கை பழகும் வரை ரீப்பர் முறையே போதும். பாரம் ஸ்க்ரூவில் தொங்காமல் கட்டைமேல் உட்காரும்.

பக்கப்பலகை இரண்டையும் தரையில் ஒட்டிப் போட்டு, மூலைமட்டம் வைத்து இரண்டிலும் ஒரே கோடாக இழுங்கள். தனித்தனியாக அளந்தால் ஒரு நூலாவது பிசகும், தட்டு சாயும். கீழிருந்து 3, 16¼, 27, 37¾, 48½ அங்குலத்தில் ரீப்பரின் மேல்விளிம்பு வர வேண்டும். அடி அடுக்கில் பெரிய அளவுப் புத்தகமும் பைண்டு செய்த பத்திரிகைகளும் நிற்கும், மற்றதில் சாதாரணப் புத்தகங்கள். ரீப்பரைப் பெவிகால் தடவி, 1¼ அங்குல ஸ்க்ரூ மூன்று போட்டு முடுக்குங்கள். முடுக்குவதற்கு முன் இரண்டு பலகையையும் எதிரெதிரே நிறுத்தி ஒரு தடவை பாருங்கள். இரண்டுமே இடப்பக்கமாக அமைந்துபோவது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கிற தவறு.

பிறகு தட்டை ரீப்பர்மேல் வைத்து, வெளிப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு முனைக்கும் 8 நம்பர், 2 அங்குல ஸ்க்ரூ மூன்று. மொத்தம் 36. பக்கப்பலகையில் நாலரை மி.மீ. துளை, தட்டின் முனையில் 3 மி.மீ. துளை போட்டுவிட்டே ஏற்றுங்கள். துளை போடாமல் ஏற்றினால் பிளைவுட்டின் அடுக்குகள் பிரிந்து வாய் பிளக்கும். அப்புறம் அந்த இடத்தில் எந்த ஸ்க்ரூவும் பிடிக்காது. தட்டின் நடுமையம் எங்கே வருகிறது என்று வெளிப்பக்கமும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கிளாம்ப் இல்லாவிட்டால் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் கம்பு கொடுத்து முறுக்கி இறுக்கலாம். கயிறு பதியும் மூலைகளில் அட்டை வையுங்கள்.

தட்டுகளின் முன்விளிம்பில் 1¼ அங்குல உயரம், முக்கால் அங்குலக் கனத்தில் தேக்கு ரீப்பரை நெட்டுக்குத்தாக ஒட்டுங்கள். 15 அடி வாங்கினால் ஆறுக்கும் காணும். அதன் மேல்விளிம்பு தட்டோடு சமமாக இருக்கட்டும். பிளைவுட்டின் வெட்டுவாய் மறைவதோடு தட்டும் நன்றாக விறைக்கும். தட்டு 9¼ அங்குலமாக இருப்பது இந்த ரீப்பருக்கு இடம் விடத்தான்.

கடைசியாக முதுகுப்பலகை. இதைத்தான் பலரும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். கோவில்பட்டித் தீப்பெட்டி ஒன்றை எடுத்து, உள்ளறையை உருவிவிட்டு, வெளிக்கூட்டை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அப்படியே சரிந்து தட்டையாகிவிடும். முதுகில்லாத அலமாரியும் அதே மாதிரிதான் சரியும். எத்தனை ஸ்க்ரூ போட்டாலும் நிற்காது. 6 மி.மீ. பிளைவுட்டை 60-க்கு 30 அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். அலமாரியைக் குப்புறப் போட்டு, எதிர்மூலைக்கு எதிர்மூலை டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் 67 அங்குலத்துக்குச் சற்று மேலே, ஒன்றுபோல வர வேண்டும். வித்தியாசம் இருந்தால் நீளமான மூலையைத் தள்ளிச் சரி செய்துவிட்டு, பெவிகால் தடவி 4 அங்குலத்துக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ. ஒரு நாள் முழுக்க நிமிர்த்தாமல் விடுங்கள்.

நிறுத்தியபின் மேலே எல் கிளாம்ப் இரண்டு போட்டுச் சுவரோடு பிடித்துவிட வேண்டும். பிள்ளைகள் தட்டில் கால் வைத்து ஏறுவார்கள். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் சின்ன பிளக் பிடிக்காது. காரையைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்குகிற அளவு நீளமாகப் போடுங்கள்.

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் எங்க தாத்தா வீட்டைப் பிரிச்சதில் தேக்குப் பலகை பத்துப் பன்னிரண்டு கெடக்கு, ஒண்ணொண்ணும் 6 அங்குல அகலம். புத்தக அலமாரிக்கு ஆகுமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமாக ஆகும். காய்ந்து அடங்கிய மரம், புதுத் தேக்கைவிட நம்பலாம். முதலில் காந்தத்தை மேலே நகர்த்தி, புதைந்திருக்கும் ஆணியை எல்லாம் பிடுங்குங்கள். ஓர் ஆணி பட்டால் போதும், இழைப்புளி வாய் போய்விடும். பலகையை வெள்ளைத்தாள்மேல் தட்டிப் பாருங்கள். மாவு மாதிரித் தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. ஓரத்தில் வெளிறிய வெள்ளைப் பகுதியில்தான் அது முதலில் இறங்கும். அதை அறுத்துத் தள்ளிவிட்டு வைரத்தை (முற்றிய கெட்டிப் பகுதியை) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பலகையை விளிம்போடு விளிம்பு ஒட்டினால் அகலம் கிடைக்கும். இழைத்த விளிம்புகளைச் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கீற்று தெரிந்தால் இன்னும் இழைக்க வேண்டும். இடைவெளியைப் பெவிகால் நிரப்பும் என்று விட்டால் அங்கேதான் பிரியும்.

முந்தைய பதிலில் சொன்ன ரீப்பர் முறையை இங்கே அப்படியே செய்யாதீர்கள். முழுமரம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அகலவாக்கில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் அசையவே அசையாது என்று சொல்லலாம். பக்கப்பலகையின் குறுக்கே ரீப்பரை ஒட்டிவிட்டால் பலகைக்கு அசைய இடமில்லாமல் ரேகையோடு வெடிக்கும். ஆகவே பெவிகால் வேண்டாம். முன்பக்க ஸ்க்ரூவை இறுக்கமாகவும், மற்ற இரண்டை நீள்துளையிலும் போடுங்கள். முதுகுப்பலகைக்கும் இதே மாதிரித் துளையைக் கொஞ்சம் பெரிதாக விடுங்கள்.

மரம் பற்றாமல் கடையில் வாங்க நேர்ந்தால் கணக்கு இது: கனமும் அகலமும் அங்குலத்தில், நீளம் அடியில், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. ஓரங்குலக் கனம், 12 அங்குல அகலம், 12 அடி நீளம் என்றால் சரியாக ஒரு கன அடி.

கேள்வி: எங்க விளையில் வெட்டின பனை இருக்கு. பனஞ்சட்டத்துலயே தட்டு போட்டா என்ன அண்ணாச்சி?
– வாசகர், திசையன்விளை

பதில்: தட்டுக்கு வேண்டாம். முற்றிய பனையின் வெளிவைரம் கூரையைத் தாங்கும் பலமுள்ளது, ஆனால் உள்ளே இருக்கும் சோற்றுப்பகுதி மெத்தென்றிருக்கும், அகலப் பலகை வராது. கறுப்பு நார் சிலாம்பாகக் கிளம்பிக் கையையும் புத்தக அட்டையையும் கிழிக்கும். அலமாரிக்கு அடியில் வைக்கும் கட்டையாகப் போடுங்கள், நன்றாக நிற்கும்.

கேள்வி: போன தடவை புத்தகமெல்லாம் கரையான் தின்னுட்டு. வேப்பெண்ணெய் தடவினால் போதும்னு சொல்லுதாங்க.
– வாசகி, வீரவநல்லூர்

பதில்: வேப்பெண்ணெய் வாடை இருக்கிறவரைதான் காப்பு. கரையான் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் மண்கூடு கட்டிக்கொண்டு ஏறும். அந்த வழியைக் கண்ணில் படும்படி வைத்துக்கொள்வதுதான் முக்கியம். சுவருக்கும் முதுகுக்கும் நடுவே ஓரங்குலம் விடுங்கள். நான்கு மூலைக்கும் கல்துண்டு வைத்து, தரையில் மரம் படாமல் தூக்குங்கள். பலகையின் வெட்டுவாயில்தான் ஈரமும் பூச்சியும் நுழையும். அங்கே மட்டும் கரையான் மருந்தை இரண்டு தடவை ஊறவிடுங்கள், காய்ந்தபின் பாலிஷ். மாதம் ஒரு தடவை அடித்தட்டுப் புத்தகங்களை எடுத்துப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். விரல் பருமனில் மண்கோடு தெரிந்தால் உடைத்துவிட்டு, அது தரையில் கிளம்பும் இடத்தில் மருந்து விடுங்கள்.

கேள்வி: ஆடி மாசம் பிரெஞ்ச் பாலிஷ் போட்டேன். காய்ந்ததும் பால் ஊற்றின மாதிரி வெளுத்துட்டு. அரக்கு கலப்படமா?
– வாசகர், தென்காசி

பதில்: அரக்கின்மேல் பழி போட வேண்டாம், சாரல்தான் காரணம். பிரெஞ்ச் பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. அந்த ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது பலகையின் மேல்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது. அது அரக்குக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரிகிறது. சாரல் விட்டு நல்ல வெயில் அடிக்கிற நாளில், துணிப்பொட்டலத்தில் கொஞ்சமே ஸ்பிரிட் தொட்டு, ஓர் இடத்தில் நிற்காமல் மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். பெரும்பாலும் வெளுப்பு மறையும். மறையாவிட்டால் 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு காலை 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் மறுபடி போடுங்கள்.