ஸ்னூக்கரில் சட்டைக் கை நீலப் பந்தில் பட்டால் ஃபவுலா?

ஆம், அது ஃபவுல்தான், அதாவது விதிமீறல். உங்களுக்கு 5 புள்ளிகள் வந்திருக்க வேண்டும். சிவப்பை அடிக்கும்போது எதிராளியின் சட்டைக் கை நீலத்தை அசைத்தது என்கிறீர்கள். அடிக்க வேண்டிய பந்து, தொடப்பட்ட பந்து ஆகிய இரண்டில் எதன் மதிப்பு கூடுதலோ அதுவே அபராதம்; இங்கே அது நீலத்தின் 5. எப்படியும் 4க்குக் குறையாது. அந்த அடியில் குழியில் விழுந்த சிவப்புக்கும் புள்ளி இல்லை.

ஆனால், அவர் அடுத்ததாகக் கருப்பையும் போட்ட பிறகே நீங்கள் சொன்னதால், அதை இனிக் கோர முடியாது. அடுத்த அடிக்கு முன் நடுவர் அறிவிக்காத, எதிராளியும் கோராத ஃபவுல் மன்னிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

“வெள்ளைப் பந்தில் படவில்லையே” என்று அவர் வாதிட்டதற்குப் பூல் (ஸ்னூக்கரைப் போன்ற மேசைப் பந்தாட்டம்) ஆடிய பழக்கம் காரணமாக இருக்கலாம். நடுவர் இல்லாத பூல் ஆட்டங்கள் பலவற்றில், கோலால் அடிக்கும் வெள்ளையைத் தவிர வேறு பந்தைத் தவறுதலாகத் தொடுவது ஃபவுல் ஆகாது. ஸ்னூக்கரில் அந்தச் சலுகை கிடையாது. நீலத்தை அவரே கையால் பழைய இடத்தில் வைத்ததும் தவறு.

அடுத்த முறை சந்தேகம் எழுந்தவுடன் ஆட்டத்தை நிறுத்தி, பந்தை அசைத்தது அடிப்பவர்தானா என்று அருகில் இருந்து பார்த்தவரிடம் கேளுங்கள். வேறொருவர் இடித்திருந்தால் அபராதமின்றிப் பந்தை உரிய இடத்தில் வைக்க வேண்டும். உரசியதை முதலில் உணர்பவர் அடிப்பவரே என்பதால், தாமே ஒப்புக்கொள்வது அவர் கடமை என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

உங்கள் போட்டிக்குத் தனி விதிகள் இருந்தால் அவையே செல்லும். தொடங்கும் முன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.