‘விசேஷம் உண்டா?’ என்று கேட்கக் கேட்க ஆசையே போய்விட்டது!

“எனக்கு 27 வயது, கணவருக்கு 31. கல்யாணமாகி எட்டு மாதம். ‘இந்த மாசமாவது தள்ளிப்போயிருக்கா?’ என்று மாமியார் தவறாமல் கேட்கிறார். கருத்தரிக்க ஏற்றவை என்று செல்போன் ஆப் காட்டும் நாட்களில் மட்டும் சேர்கிறோம். எனக்குத் துளியும் ஆசை வருவதில்லை. அந்த நாள் வந்தாலே கணவருக்கு விறைப்பு நிற்பதில்லை. மற்றபடி காலையில் எழும்போதெல்லாம் இருக்கிறது என்கிறார். டிவியில் பேசும் வைத்தியர் எங்கள் ஊர் லாட்ஜுக்கு வருகிறாராம். போகலாமா டாக்டர்?” – வாசகி, திண்டுக்கல்.

போகாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உடலில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. வீட்டுக் கேள்விகள்தான் உங்கள் படுக்கையறை வரை வந்துவிட்டன.

ஆசைக்கு ஆக்சிலரேட்டரும் உண்டு, பிரேக்கும் உண்டு. ‘இந்த மாதமும் தவறினால் என்ன பதில் சொல்வது?’ என்ற பயம் பிரேக்கை அழுத்தியபடியே இருக்கிறது. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் ஆணுறுப்பின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். பிறகு எவ்வளவு முயன்றாலும் விறைப்பு நிற்காது. அடுத்த முறை உங்கள் கணவரின் கவனம் உங்கள் மேல் இருக்காது. ‘இன்றைக்காவது நிற்குமா’ என்று தன்னையே வேவு பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் நிலையும் புரிகிறது. பல பெண்களுக்கு இதமான பேச்சு, தொடுதலுக்குப் பிறகுதான் ஆசை எழும். தேதி பார்த்து அவசரமாக முடித்தால் அது எப்படி எழும்?

எட்டு மாதத்தைக் குழந்தையின்மை என்று எந்த மருத்துவரும் சொல்லக் கூடாது. உங்கள் வயதில், இடைவிடாமல் சேர்ந்திருந்தும் 12 மாதம் கருத்தரிக்காவிட்டால்தான் பரிசோதனை. ஆப் சொல்வது வெறும் கணிப்பு. அதை அழித்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு உடலுறவே வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுங்கள். தொடலாம், அணைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் இல்லை. அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970-இல் விளக்கிய இந்த முறையை இன்றும் சிகிச்சையில் பயன்படுத்துகிறோம். ஒரு மாதம் போனால் போகட்டும். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தாலே கருத்தரிக்கப் போதும்.

மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர் மகன். “அம்மா, நல்ல சேதி வந்தா நாங்களே சொல்றோம். இனிமே அவகிட்ட கேக்காதீங்க” என்று அவர் வாயால் வர வேண்டும்.

இப்போது அந்த லாட்ஜ் விஷயம். பாலியல் சக்தியைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை. சட்டம் புத்தகத்தில் தூங்குகிறது, அவர்கள் டிவியில் பேசுகிறார்கள்! நாடி பிடித்து ‘நரம்புத் தளர்ச்சி’ என்பார்கள், ‘சிறுவயதுப் பழக்கம்’ என்று மிரட்டுவார்கள். சுய இன்பத்தால் ஆண்மை போகாது. இப்படி விற்கும் ‘மூலிகை’ மாத்திரைகளில் சில்டெனாபில் (வயாகராவில் இருக்கும் மருந்து) கலந்திருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் கண்டுபிடித்துள்ளன. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் அறியாமல் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. தவிர, அது ஆசையை உண்டாக்கும் மருந்தும் அல்ல. ‘இலவச கருத்தரிப்பு முகாம்’ என்று கூப்பிட்டு பேக்கேஜ் பேசும் ஏஜென்டுகளிடமும் இப்போதைக்குப் போக வேண்டாம்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். காலை விறைப்பும் வாரக்கணக்கில் இல்லாமல் போனால் அது மனம் மட்டும் சார்ந்ததாக இருக்காது. உடனே வெறும் வயிற்றில் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ரத்த அழுத்தம் பாருங்கள். 31 வயதில் சர்க்கரை வராது என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் சாதாரணமாக வருகிறது, பலருக்கு வந்ததே தெரிவதில்லை. கணவரின் அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால், கணவர் புகைபிடித்தால், தொப்பை இருந்தால் இன்றே பாருங்கள். சிலருக்கு இதயக் குழாய் அடைப்பு, நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இப்படி விறைப்புக் குறைவாகத்தான் தெரிய ஆரம்பிக்கும்.

எங்கள் மருத்துவப் படிப்பில் பாலியல் பற்றிக் கற்றுத்தருவது மிகக் குறைவு. கூட்டம் நெரியும் ஓ.பி.யில், பத்துப் பேர் காதுபட இதை எப்படிச் சொல்வது? அந்த இடைவெளியில்தான் லாட்ஜ் வைத்தியம் பிழைக்கிறது. முதலில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனைச் சேவை) எண்ணில் பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரில் போவதென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இருவருமாகப் போங்கள். உங்களை மட்டும் அனுப்பிவைக்க வீட்டில் யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.