கேட்டால் விபரீதமாகிவிடுமா?

கேள்வி: குழந்தைகள் இல்லம் ஒன்றில் காப்பாளராக இருக்கிறேன். இங்குள்ள 15 வயதுப் பெண் ஒருத்தி, சிறு வயதில் உறவினரால் பாலியல் கொடுமைக்கு ஆளானவள். நன்றாகப் படம் வரைவாள். போன வாரம் தன் கலர் பென்சில் டப்பாவைச் சின்னப் பெண் ஒருத்தியிடம் கொடுத்து, "இனிமே எனக்கு வேண்டாம்" என்றாளாம். "நான் இருந்து யாருக்கு என்ன லாபம் ஆன்ட்டி?" என்று என்னிடமும் கேட்டாள். "கண்டுக்காதீங்க, எல்லாம் கவனத்தை இழுக்கத்தான். நீங்க போய்க் கேட்டா, இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடும்" என்கிறார் மூத்த ஊழியர். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம்

பதில்: கேளுங்கள் அம்மா. இன்றைக்கே, நேராகவே கேளுங்கள்.

கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. நியூயார்க் மாநிலத்தில் 2,300-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு உளைச்சலும் கூடவில்லை, எண்ணமும் கூடவில்லை. மறுபக்கம், பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் பார்த்தபோது, இல்லங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் உள்ள பிள்ளைகள் தற்கொலைக்கு முயல்வது மற்ற பிள்ளைகளைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. இதில் எது ஆபத்து, கேட்பதா, கேட்காமல் இருப்பதா?

"கவனத்தை இழுக்கத்தான்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். கவனம் தேவைப்படும் பிள்ளை வேறு எப்படித்தான் கேட்கும்?

பல வீடுகளில் நடப்பது இதுதான்: கொடுமையை வெளியே சொன்ன பிள்ளை இல்லத்துக்கு வந்துவிடுகிறது, செய்தவர் வீட்டிலேயே இருக்கிறார். 'என்னாலதான் குடும்பம் உடைஞ்சுது' என்று அந்தப் பிள்ளை நம்பத் தொடங்கிவிடும். தான் எல்லோருக்கும் பாரம் என்ற நினைப்பு அப்படித்தான் வேர்விடுகிறது. ஆசையாக வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுப்பதும் சேர்ந்துகொண்டால், நான் காத்திருக்க மாட்டேன்.

அறைக்குக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். துணி மடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "பென்சிலைக் கொடுத்துட்டியாமே, எனக்குக் கவலையா இருக்கு. செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று கேட்கலாம். ஆமாம் என்றால் பதறாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள். "எப்படின்னு ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கியா?" என்பது அடுத்த கேள்வி. அதற்கும் ஆமாம் என்றால் அவளை ஒரு நிமிஷமும் தனியாக விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். இல்லை என்று சொன்னாலும் இந்த வாரத்துக்குள் மருத்துவர் பார்த்தாக வேண்டும். மருந்து, மாத்திரை, துப்புரவுத் திரவம் எல்லாம் பூட்டுக்குள் போகட்டும்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பாதுகாக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்வேன், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிடுவேன்" என்பதே நேர்மை. பழைய கொடுமையை நீங்கள் தோண்ட வேண்டாம், அது பயிற்சி பெற்ற ஆலோசகரின் வேலை. ஆனால் இப்போதும் யாராவது தொந்தரவு செய்வதாகச் சொன்னால், உடனே குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிய வேண்டும்.

இல்லங்களில் பெரிய ஓட்டை ஷிஃப்ட் மாறும் நேரம். மாலையில் உங்களிடம் அழுதவளைப் பற்றி இரவுப் பணிக்கு வருபவருக்கு ஒன்றுமே தெரியாது. நோட்டில் எழுதிவைத்தால் போதாது, நேரில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இதழ் அச்சாகும்வரை பொறுக்க முடியாது என்பதால் இந்தப் பதிலை உங்களுக்கு அன்றே அனுப்பிவிட்டேன். மற்றக் காப்பாளர்களுக்காக, அடையாளங்களை மாற்றி இங்கே வெளியிடுகிறோம்.