தனி டம்ளர் எதற்கு?

கேள்வி: எங்கள் வீட்டில் மாமனார், மாமியார், கணவர் மூன்று பேருக்கும் இனிப்புநீர் (நீரிழிவு). என் பிறந்த வீட்டில் யாருக்கும் இல்லை. சொந்தத்திலும் கட்டவில்லை. ஆனாலும் இப்போது எனக்கும் வந்துவிட்டது. பரம்பரை நோய் என்றால் எனக்கு எப்படி வரும்? குடலில் இருக்கும் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்த்தான் இனிப்புநீர் பரவுகிறது என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். பயந்துபோய் மாமியாருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டேன். என் சின்ன மகள் பாட்டியோடுதான் படுப்பாள். அதையும் நிறுத்திவிடலாமா?
— வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: முதலில் அந்த டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு வையுங்கள். வயதான காலத்தில் மருமகள் தனக்கு மட்டும் வேறு தட்டு எடுத்து வைப்பதைப் பார்த்து அந்த அம்மா வாய் திறந்து ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். கேட்கவில்லை என்பதற்காக வலிக்கவில்லை என்று ஆகிவிடாது.

ஆனால் உங்கள் சந்தேகம் அசட்டுத்தனமானது இல்லை. ஆராய்ச்சியாளர்களுக்கும் இது வந்திருக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2014-இல் பழைய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்து அலசினார்கள். கணவன் மனைவியில் ஒருவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு 26 விழுக்காடு கூடுகிறது என்று தெரிந்தது. இதை நூறு பேரில் 26 பேருக்கு ஒட்டிக்கொண்டது என்று படிக்கக்கூடாது. நூறில் 10 பேருக்கு வரக்கூடிய இடத்தில் 12, 13 பேருக்கு வருகிறது, அவ்வளவுதான்.

உங்கள் வாட்ஸ்அப் செய்திக்கும் ஒரு மூலம் உண்டு. பிரெட் ஃபின்லே என்ற கனடா நுண்ணுயிரியலாளரும் அவருடைய சகாக்களும் 2020-இல் 'சயின்ஸ்' இதழில், தொற்றாதவை என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் நோய்களில் சில குடல் நுண்ணுயிர்கள் வழியாகப் பரவக்கூடுமோ என்று கேட்டார்கள். அதை ஒரு கருதுகோளாகத்தான் முன்வைத்தார்கள். வாட்ஸ்அப்பில் வரும்போது 'பரவக்கூடுமோ' என்பது 'பரவுகிறது' என்று ஆகிவிட்டது. பருமனான மனிதரின் குடல் நுண்ணுயிர்களை எலிக்குக் கொடுத்தால் எலியின் உடலில் கொழுப்பு கூடுவது உண்மை. ஆனால் எலிகள் ஒன்றின் கழிவை இன்னொன்று தின்னும். நாம் அப்படி வாழ்வதில்லை. ஒருவரின் குடல் நுண்ணுயிர் போய் இன்னொருவருக்கு நீரிழிவு வந்தது என்று மனிதர்களிடம் யாரும் நிரூபித்துக் காட்டவில்லை.

ஒரே வீட்டில் இருப்பவர்கள் நுண்ணுயிர்களைப் பகிர்ந்துகொள்வது மட்டும் நிச்சயம். இத்தாலியின் திரெந்தோ பல்கலைக்கழகத்தார் 2023-இல் அளந்து சொன்னதுபடி, சேர்ந்து வாழ்பவர்களிடையே குடல் நுண்ணுயிர் வகைகளில் சுமார் 12 விழுக்காடும் வாயில் உள்ளவற்றில் 32 விழுக்காடும் பொதுவாக இருக்கின்றன. பிறந்த முதல் வருடத்தில் குழந்தையும் தாயும் ஏறக்குறைய பாதியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பாட்டியிடமிருந்து மகளைப் பிரிக்க வேண்டும் என்றால் அதே வாதப்படி உங்களிடமிருந்துதான் முதலில் பிரிக்க வேண்டும். செய்வீர்களா?

அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து நீங்கள் அவர்களோடு பகிர்ந்தது கிருமியை மட்டும் இல்லை. அதே சட்டியில் சமைத்து, அதே நேரத்துக்குச் சாப்பிட்டு, அதே நேரத்துக்குப் படுத்து எழுந்திருக்கிறீர்கள். காலையில் தே தாரிக் கலக்கும்போது கட்டிப்பால் டின்னைக் கவிழ்த்து எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்று நாளைக்குக் கவனியுங்கள். இரண்டு மேசைக்கரண்டியிலேயே ஐந்து தேக்கரண்டி சீனிக்குச் சமமான இனிப்பு இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாயும் மைலோவும் என்றால் கணக்கு இன்னும் ஏறும். மாமியார் வீட்டிலிருந்து மருமகளுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இந்த வழக்கம்தான். டம்ளரைப் பிரிப்பது சுலபம். கட்டிப்பாலைக் குறைப்பதற்கு வீட்டில் நாலு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம்.

பரம்பரையா, தொற்றா என்ற குழப்பத்தில் மனிதர்கள் எவ்வளவு அடிபட்டார்கள் என்பதற்குத் தொழுநோயை விடப் பெரிய சாட்சி வேண்டாம். நார்வேயின் பெரிய மருத்துவர் டேனியல்சன் அதைப் பரம்பரை நோய் என்றே நம்பினார். அவருடைய மருமகன் ஹேன்சன் 1873-இல் அதன் கிருமியைக் கண்டுபிடித்து மாமனாரின் கொள்கையைக் கவிழ்த்தார். சரி, உண்மை தெரிந்ததும் நிம்மதி வந்ததா? இல்லை. தொட்டாலே ஒட்டும் என்ற பயம் வந்தது. நம் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் 1930-இல் திறந்த சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பில், அங்கே பிறந்த பிள்ளைகளைத் தாயிடமிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். தத்துக் கொடுக்கப்பட்ட பல பிள்ளைகள் பெற்றவர்களைப் பார்க்காமலே வளர்ந்தார்கள். தொழுநோயை எதிர்க்கும் சக்தி பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இயற்கையாகவே இருக்கிறது. தொற்று நோய் என்றே வைத்துக்கொண்டாலும் எப்படி, எவ்வளவு தொற்றும் என்று கேட்காமல் மனிதரை ஒதுக்கினால் அது கொடுமை. இனிப்புநீர் அந்த வகையும் இல்லை.

குடும்பத்தில் ஓடுவது போலத் தெரிந்து, உண்மையில் கிருமியால் பரவும் நோய்கள் சில உண்டு. அங்கே எச்சரிக்கை வேண்டும். வயிற்றுப்புண்ணுக்கான பழியைக் காரத்தின் மேலும் கவலையின் மேலும் போட்டுவந்தார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-இல் அதற்குக் காரணமான ஹெலிகோபேக்டர் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005-இல் நோபல் பரிசு வந்தது. பெரும்பாலும் சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றும் இந்தக் கிருமி, மலேசியாவில் மலாய்க்காரர்களை விட இந்தியர்களிடம் அதிகம். இரண்டு வார மருந்தில் பெரும்பாலும் போய்விடும். ஈரல் புற்றுநோய் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து வந்தால் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது பிரசவத்தில் தாயிடமிருந்தும், ரத்தம் வழியாகவும், உடலுறவிலும் பரவும். பல் பிரஷ், சவரக்கத்தி இரண்டையும் பகிரக்கூடாது. நம் நாட்டில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள்.

கடைசியாக, என் பிறந்த வீட்டில் யாருக்கும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். யாராவது ரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டா சொன்னார்கள்? மலேசியாவின் 2019 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது தெரியாது. இந்தியர்களிடம்தான் விகிதம் மிக அதிகம். உங்கள் அண்ணன், தங்கை எல்லாரையும் காலையில் வெறும் வயிற்றோடு கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு, போகச் சொல்லுங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.