நெடுவாளா, கோடரியா, சம்மட்டியா? ஸ்கைரிம் கேள்வி பதில்

பெதஸ்டா நிறுவனத்தின் ஸ்கைரிம் என்ற வீடியோ விளையாட்டு 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்தது. திருத்துறைப்பூண்டியில் இருந்துகொண்டு 2013 முதல் அதை ஆடி வருகிறேன். அதில் முக்கால்வாசி நேரம் இரண்டு கைகளாலும் பிடிக்கிற ஆயுதங்களோடுதான். ஊர் இளைஞர்கள் சிலரிடம் இதைப் பற்றிப் பேசப்போய், மன்னார்குடி, சுவாமிமலை, வேதாரண்யம் என்று பல பக்கங்களிலிருந்தும் கேள்விகள் வந்து சேர்ந்துவிட்டன. பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கிரேட்ஸ்வோர்டை நெடுவாள் என்றும், பேட்டில்ஆக்ஸைக் கோடரி என்றும், வார்ஹேமரைச் சம்மட்டி என்றும் எழுதுகிறேன்.

மன்னார்குடி, கல்லூரி மாணவர்: அண்ணா, மூன்றில் சம்மட்டிக்குத்தான் பெரிய எண் போட்டிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுத்துவிடலாமா?

கண்ணைத் திறந்து இன்னொரு எண்ணையும் பார், தம்பி. அதை விளையாட்டு உனக்குக் காட்டுவதில்லை. இரும்பு நெடுவாளின் சேதம் (ஓர் அடி எதிரியிடமிருந்து குறைக்கும் உயிர்) 15, கோடரி 16, சம்மட்டி 18. இதுதான் திரையில் தெரிகிறது. மறைந்திருப்பது வேகம். ஒரு கை வாளின் வேகத்தை 1 என்று வைத்துக்கொண்டால் நெடுவாளுக்கு 0.75, கோடரிக்கு 0.7, சம்மட்டிக்கு 0.6. பெருக்கினால் நெடுவாள் 11.25, கோடரி 11.2, சம்மட்டி 10.8 என்று வரிசை தலைகீழாகிவிடுகிறது. விலை உயர்ந்த டேட்ரிக் ஆயுதங்களுக்குப் போனால் இடைவெளி இன்னும் கூடும். 24, 25, 27 என்ற எண்கள் வேகத்தோடு பெருக்கியபின் 18, 17.5, 16.2 ஆகின்றன.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போட்டபின் எங்கள் தெருவில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில்தான் இந்தக் கணக்கை முதன்முதலாக ஒரு நோட்டில் முழுசாகப் போட்டுப் பார்த்தேன். பகலில் கொல்லையில் சாய்ந்து கிடந்த தென்னைகளைக் கோடரியால் வெட்டிக்கொண்டிருந்தோம். கனமான கோடரியை எடுத்தவர்கள் பத்து வெட்டுக்குப் பிறகு நின்று மூச்சு வாங்க, சின்னக் கோடரிக்காரர் விடாமல் வெட்டிக்கொண்டே போனார். விளையாட்டிலும் அதுதான் நடக்கிறது. ஓங்குகிற நேரம் அதிகமானால், அந்த நேரத்துக்குள் எதிரி விலகிவிடுவான், அல்லது உன்னை முதலில் அடித்துவிடுவான். காற்றில் போன 27-ஐவிட உடம்பில் விழுந்த 24 பெரியது.

எனவே பெரும்பாலோருக்கு என் பரிந்துரை நெடுவாள்தான்.

பாபநாசம்: அப்படியானால் சம்மட்டிக்கு இடமே இல்லையா?

இருக்கிறது. ஒரே அடியில் எதிரி விழுந்துவிடுவான் என்றால் அங்கே வேகக் கணக்கு செல்லாது. பலவீனமான எதிரிகள் நிறைந்த இடத்தில் சம்மட்டி அருமையாக வேலை செய்யும். ஸ்கல்க்ரஷர் என்ற பெர்க்கும் (லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறமை) உண்டு. அது மூன்று நிலைகளில் எதிரியின் கவசத்தில் 25, 50, 75 சதவீதத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். கனத்த கவசம் போட்ட கொள்ளைத் தலைவர்களிடம் இதன் அருமை தெரியும். ஓநாயிடம் தெரியாது.

சம்மட்டிதான் வேண்டும் என்பவர்கள் லாங்ஹாமரைத் தேடிப் போங்கள். லையர்ஸ் ரிட்ரீட் என்ற குகையில் கிடைக்கிறது. ஓர்க் என்ற இனத்தாரின் சாதாரணச் சம்மட்டியைவிட 30 சதவீதம் வேகமாகச் சுழலும். சேதம் 21 தான். ஆனால் மேலே சொன்ன கணக்கைப் போட்டால் 16.4 அளவுக்கு வந்து, டேட்ரிக் சம்மட்டியைக்கூடச் சற்றே முந்திவிடுகிறது. அந்தக் குகையில் அதைக் கண்டும் எடுக்காமல் வந்தவர்கள் இருக்கிறார்கள் என்று கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

கும்பகோணம்: தஞ்சைப் பெரிய கோயில் வாயிலில் நிற்கும் துவாரபாலகர்களின் கதாயுதம் மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும் என்று ஆசை. கணக்கு என்ன சொன்னாலும் பரவாயில்லை.

ஆசையும் தக்க காரணம்தான். நூறு மணி நேரம் ஆடப்போகிற விளையாட்டில், கையில் இருப்பது கண்ணுக்குப் பிடித்திருக்க வேண்டும். உங்களுக்கு ஏற்றது வோலண்ட்ரங். லார்காஷ்பர் என்ற ஓர்க் குடியிருப்பின் சாபத்தைத் தீர்த்து வைத்தால் மலகாத் தெய்வம் தருகிற சம்மட்டி அது. சேதம் 25. ஒவ்வோர் அடிக்கும் எதிரியின் ஸ்டாமினாவிலிருந்து, அதாவது தெம்பிலிருந்து, 50-ஐ உறிஞ்சி உங்களுக்குக் கொடுக்கும். ஓங்கி அடித்துக் களைத்துப்போவதுதான் சம்மட்டிக்காரரின் பெரிய கஷ்டம். அதற்கான மருந்து இந்தச் சம்மட்டிக்குள்ளேயே இருக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு சகோதரி: கேடயம் இல்லாமல் சீக்கிரம் செத்துப் போகிறேன். இரண்டு கை ஆயுதம் எனக்கு ஒத்துவராதா?

ஒத்துவரும், அக்கா. கேடயத்துக்குப் பதிலாக உங்களுக்குக் கிடைத்திருப்பது தூரம். ஒரு கை வாளின் எட்டும் தொலைவு 1 என்றால் இந்த மூன்று ஆயுதங்களுக்குமே 1.3. கையளவு கூடுதல் என்று இதை அலட்சியமாக விடாதீர்கள். எதிரி வாளை ஓங்கும்போது ஓரடி பின்னால் போங்கள். அவன் வீச்சு உங்களைத் தொடாமல் போகும். அது முடிகிற கணத்தில் முன்னால் வந்து ஒரே அடி. மறுபடி பின்னால். கும்மியில் அடி எடுத்து வைப்பதுபோல் ஒரு தாளம் இருக்கிறது. அது பிடிபட்டால் கேடயத்தின் நினைப்பே வராது.

இன்னொன்று, இந்த ஆயுதங்களாலும் தடுக்க முடியும். தடுப்பதற்கான பட்டனை அழுத்திப் பார்க்காமலே பலர் ஆடுகிறார்கள். கேடயம் அளவுக்குத் தாங்காது என்றாலும், பிளாக் பிரிவில் உள்ள குயிக் ரிஃப்லெக்ஸஸ் பெர்க் நெடுவாளுக்கும் வேலை செய்யும். நீங்கள் தடுத்துக்கொண்டிருக்கும்போது எதிரி பலம் திரட்டி ஓங்கினால் நேரமே மெதுவாகிவிடும். அந்த இடைவெளியில் விலகலாம், இடிக்கலாம். முதல் இருபது லெவலுக்குள் இந்த ஒரு பெர்க்கை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

வலங்கைமான்: பலத்த அடி (பட்டனை அழுத்திப் பிடித்து ஓங்குவது) நாலு அடித்ததும் ஸ்டாமினா தீர்ந்துவிடுகிறது, அண்ணா. மருந்துக் குப்பி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.

குப்பியை விடு, சூப் வை. இதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் காத்திருந்தேன்.

முட்டைக்கோஸ் ஒன்று, உருளைக்கிழங்கு ஒன்று, தக்காளி ஒன்று, லீக் என்கிற வெங்காயத்தாள் போன்ற கீரை ஒன்று. நான்கையும் சமையல் பானையில் போட்டால் காய்கறி சூப். சாப்பிட்டால் 720 விநாடிகளுக்கு, ஒவ்வொரு விநாடியும் உயிரும் ஸ்டாமினாவும் ஒவ்வொரு புள்ளி கூடும். ஒரு புள்ளி என்ன பெரிதா என்று தோன்றும். விஷயம் அங்கேதான் இருக்கிறது. இந்த விளையாட்டில் பலத்த அடி அடிக்க முழு ஸ்டாமினாவும் தேவையில்லை. பூஜ்யத்துக்கு மேலே ஏதாவது இருந்தால் போதும். ஆகவே சூப் வயிற்றில் இருக்கும் 12 நிமிடமும் பலத்த அடியை விடாமல் அடித்துக்கொண்டே இருக்கலாம். சாதாரண அடிக்கு ஸ்டாமினா செலவே கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

வழியில் தோட்டம் கண்டால் நின்று காய் பறியுங்கள். பண்ணைக்காரர்களுக்கே காய் விற்றுப் பிழைக்கலாம் என்று நினைத்து எல்லாவற்றையும் விற்றுவிடாதீர்கள்.

திருவாரூர்: பெர்க்கை எந்த வரிசையில் எடுப்பது?

முதலில் பார்பேரியன். ஐந்து நிலைகள், ஒவ்வொன்றுக்கும் 20 சதவீதம், முடிவில் சேதம் இரட்டிப்பு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். திறன் 20 ஆனதும் சாம்பியன்ஸ் ஸ்டான்ஸ், பலத்த அடிக்கான செலவில் கால் பங்கு குறையும். 70-ல் ஸ்வீப்: பக்கவாட்டில் பலத்த அடியாக வீசினால் எதிரே நிற்கும் எல்லோர் மேலும் விழும். பண்ணை ஆள் அரிவாளைப் போட்டுக் கதிர் அறுப்பதுபோல் ஒரே வீச்சில் மூன்று பேர் சாய்வதைப் பார்க்கும்போது கிடைக்கும் திருப்தி தனி. ஆனால் உங்களோடு துணைக்கு வரும் லிடியா என்ற வீராங்கனையும் அந்த வட்டத்துக்குள் நின்றால் அவள்மீதும் விழும்.

அதே ஊர்: மறைந்திருந்து தாக்க உதவுமா?

உதவாது. இரண்டு கை ஆயுதத்துக்கு மறைந்த தாக்குதலில் சேதம் இரண்டு மடங்குதான். குறுவாளை உரிய பெர்க்கோடு பிடித்தவனுக்குப் பதினைந்து மடங்கு. பதுங்குவது உங்கள் சுபாவம் என்றால் குறுவாளை எடுங்கள்.

சுவாமிமலை: எங்கள் வீட்டில் தலைமுறையாக வார்ப்பு வேலை. ஸ்கைரிமிலும் கொல்லர் வேலையைக் கற்றுக்கொள்வது பயன் தருமா, அல்லது கிடைத்ததை வைத்தே ஆடலாமா?

உங்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். சாணைக்கல்லில் ஆயுதத்தைத் தீட்டும்போது கூடுவது விகிதமாகக் கூடுவதில்லை, ஒரு நிலையான எண்ணாகக் கூடுகிறது. நெடுவாளுக்கும் சம்மட்டிக்கும் ஒரே அளவு. அப்படியென்றால் ஒரு நிமிடத்தில் அதிக முறை அடிக்கிற ஆயுதத்துக்குத்தானே அந்தக் கூடுதல் அதிக முறை சேரும்? மேலே நெடுவாளுக்கு நான் சொன்ன ஆதரவுக்கு இது இரண்டாவது தூண். நெருப்பு, மின்னல் என்று மந்திரம் ஏற்றினாலும் இதே நியாயம்தான்.

மந்திரம் ஏற்றியதைத் தீட்ட வேண்டுமானால் கொல்லர் திறன் 60-ல் வரும் ஆர்கேன் பிளாக்ஸ்மித் பெர்க் தேவை. அது வருவதற்கு முன்பே மந்திர ஆயுதங்களில் மயங்கிவிட்டால் பட்டறையைக் கற்றுக்கொண்ட பயன் பாதியாகிவிடும். ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன்: எலிமென்டல் ஃபியூரி என்ற கர்ஜனை, வீசும் வேகத்தைக் கூட்டும், ஆனால் மந்திரம் ஏறாத ஆயுதத்துக்கு மட்டும். மெதுவான இந்த ஆயுதங்களுக்கு அது பெரிய வரம். நான் எப்போதும் மந்திரம் ஏற்றாத நெடுவாள் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, என் பேரன் ஆடுவதைப் பார்த்தேன். அவன் வாளின் எடை 16, சம்மட்டியின் எடை 24 என்று போட்டிருந்தது. கிலோவா? நிஜத்தில் யாராவது தூக்கியிருப்பார்களா?

ஐயா, அது கிலோ இல்லை. விளையாட்டு அந்த எண்ணுக்கு அலகே சொல்வதில்லை. சுமையைக் கணக்கிட வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஐரோப்பாவில் போரில் பயன்பட்ட இரண்டு கை வாள்கள் பெரும்பாலும் 2 முதல் 3.5 கிலோ வரைதான் இருந்தன. நிஜமான போர்ச் சம்மட்டியின் தலையும் சின்னது. கவசத்தை நசுக்க வேகம் வேண்டும், வேகத்துக்கு எடை குறைய வேண்டும். நம் கொல்லர் பட்டறையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடிக்கிற சம்மட்டியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு, அதை வைத்துச் சண்டை போட முடியாது என்பது உடனே புரியும்.

உங்கள் ஊர் அரண்மனையின் பழைய ஆயுதங்களில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பேரனை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுங்கள், ஐயா. அடுத்த முறை திரையில் வாளைத் தேர்ந்தெடுக்கும்போது அவன் வேறு கண்ணோடு பார்ப்பான்.

முத்துப்பேட்டை: என் மடிக்கணினி பழையது. எந்தப் பதிப்பு ஓடும்?

2011-இன் முதல் பதிப்புக்கு 2 ஜிபி நினைவகம் போதும். 2016-இல் வந்த ஸ்பெஷல் எடிஷனுக்கு 8 ஜிபி கேட்கிறார்கள். மேலே சொன்ன மூன்று ஆயுத எண்களும் இரண்டிலும் ஒன்றுதான்.

வேதாரண்யம்: இன்றைக்குத்தான் தொடங்குகிறேன், அண்ணா. முதல் ஆயுதம் எங்கே கிடைக்கும்?

நோர்ட் இனத்தில் பிறந்தால் இந்தத் திறன் 10 புள்ளி கூடுதலாகவே தொடங்கும். ஓர்க் என்றால் 5 தான், ஆனால் நாளுக்கு ஒருமுறை ஒரு நிமிடத்துக்கு இரட்டைச் சேதம் கொடுத்து, வாங்குவதைப் பாதியாக்கும் சீற்றம் உண்டு. எதை எடுத்தாலும், வாரியர் ஸ்டோனைத் தொட்டுவிடு, போர்த்திறன்கள் 20 சதவீதம் வேகமாக வளரும். ரிவர்வுட்டுக்குப் போகிற வழியிலேயே நிற்கிறது.

காசு கொடுத்து வாள் வாங்காதே. ரிவர்வுட்டுக்கு மேலே மலையில் பிளீக் ஃபால்ஸ் பாரோ என்ற பழைய சமாதிக்குள் போ. அங்கே எழுந்து வரும் டிராகர் பிணங்களில் யாராவது ஒருவர் ஏன்ஷியன்ட் நோர்ட் நெடுவாள் வைத்திருக்க வாய்ப்பு அதிகம். சேதம் 17, இரும்பைவிட 2 கூடுதல். எஃகுக் கட்டி ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள். ரிவர்வுட் கொல்லன் வீட்டு வாசலில் சாணைக்கல் இருக்கிறது, கேட்காமலே பயன்படுத்தலாம். அந்த வாளைத் தீட்டிக்கொண்டு, இரண்டு பானை சூப் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஒய்ட்ரன் நகரத்துக்குப் புறப்படு. வழியில் பெலாஜியா பண்ணையோரம் ஒரு ராட்சதனைச் சிலர் சூழ்ந்து தாக்கிக்கொண்டிருப்பார்கள். அவன் முன்னால் மட்டும் நிற்காதே, முதுகுப் பக்கமாக வா.