மரியாதை இல்லாத நடத்தையை எழுத்தில் எப்படிச் சொல்வது? உங்கள் கேள்விகளும் பதில்களும்

அநாகரிகம், திமிர், அவமரியாதை போன்ற சொற்களை எங்கே, எப்படி எழுதுவது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: "ரூடாகப் பேசினார்" என்று எழுதத்தான் கை போகிறது. அதற்குச் சரியான ஒரே தமிழ்ச் சொல் எது ஐயா?

ஒரே சொல் இல்லை, தேடவும் வேண்டாம். என்ன நடந்தது என்று முதலில் யோசியுங்கள், சொல் தானாக வரும். கேட்டது காதில் விழுந்தும் பதில் சொல்லாமல் இருந்தாரா, அது அலட்சியம். நீங்கள் சொல்லி முடிக்கும் முன்பே "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று தள்ளினாரா, எடுத்தெறிந்து பேசினார். நயமாகச் சொல்லியிருக்கக்கூடிய மறுப்பைப் பட்டென்று சொன்னால் முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். காரணமே இல்லாமல் கோபப்பட்டால் எரிந்து விழுந்தார், வள்ளென்று விழுந்தார். கேட்காத விஷயத்தில் நுழைந்து கருத்துச் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம். இத்தனையும் கையில் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கினால், நடந்தது என்ன என்பதே படிப்பவருக்குத் தெரியாமல் போகும். "அதிகாரி மரியாதையில்லாமல் நடந்துகொண்டார்" என்பதைவிட "அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அப்புறம் வா என்றார்" என்று எழுதிப் பாருங்கள். இரண்டாவதற்கு அடைமொழியே தேவைப்படாது.

கேள்வி: அநாகரிகமா, அநாகரீகமா? இரண்டையும் பார்க்கிறேன்.

அநாகரிகம். 'ரி' குறில்தான். "நயத்தக்க நாகரிகம் வேண்டுபவர்" என்று குறள் 580-இல் வருகிறதே, அதை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. அந்தக் குறள் கண்ணோட்டம் என்ற அதிகாரத்தில் இருக்கிறது. பழகியவர் நஞ்சையே ஊற்றுவதைக் கண்டாலும் முகம் முறிக்காமல் உண்பவரைப் பற்றியது. அங்கே நாகரிகம் என்றால் பிறர் மனம் நோகாமல் நடக்கும் பெருந்தன்மை, உடையோ வசதியோ இல்லை.

எழுத்துப்பிழையைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. இந்தச் சொல்லை எதற்கெடுத்தாலும் போடுகிறார்கள். பலர் முன்னால் ஆபாசமாகப் பேசுவது, ஒருவருடைய உடலைக் கிண்டல் செய்வது, அந்தரங்கத்தை அம்பலப்படுத்துவது, இவற்றை அநாகரிகம் என்று சொல்லலாம். நன்றி சொல்ல மறந்தவரை அப்படிச் சொல்லக்கூடாது, அது பெரிய குற்றச்சாட்டு.

கேள்வி: மரியாதைக்குறைவு, அவமரியாதை, அவமதிப்பு எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றில்லை, கனம் ஏறிக்கொண்டே போகும். மரியாதைக்குறைவு தெரியாமலும் நேரலாம். அவமரியாதை என்றால் செய்தவர் மேல் பழி விழுந்துவிடும். அவமதிப்பு என்றால் வேண்டுமென்றே செய்தார் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். நீதிமன்ற அவமதிப்பு என்று சட்டத்திலேயே இருக்கிற சொல் அது. அவமானம் என்பது பட்டவருடைய பக்கம்: அவர் அவமதித்தார், இவர் அவமானப்பட்டார்.

கேள்வி: ஒரு நிறுவனத்துக்குப் புகார் எழுதுகிறேன். "ஊழியர் திமிராகப் பேசினார்" என்று போடலாமா?

வேண்டாம். திமிர், கொழுப்பு, ஆணவம், அகம்பாவம் எல்லாம் ஆளின் குணத்தைப் பற்றிய தீர்ப்புகள். குணத்தை நீங்கள் நிரூபிக்க முடியாது, படிக்கிற அதிகாரிக்கும் உங்கள் கோபம்தான் முதலில் கண்ணில் படும். இப்படி எழுதுங்கள்: "நான் ரசீது கேட்டபோது, கவுன்ட்டரில் இருந்தவர் 'போர்டு கண்ணுக்குத் தெரியலையா, படிக்கத் தெரியாதா உனக்கு' என்று சத்தமாகச் சொன்னார். வரிசையில் நின்ற மற்றவர்களும் கேட்டார்கள்." தேதி, நேரம் சேருங்கள். கடைசியில் ஒரே ஒரு முறை "மரியாதைக்குறைவான இந்த நடத்தை குறித்து விசாரிக்க வேண்டுகிறேன்" என்றால் போதும். அவர் வாயில் வந்ததை மாற்றாமல் அப்படியே எழுதுவது முக்கியம், பேச்சு வழக்கிலேயே இருக்கட்டும்.

கேள்வி: "ஒருமையில் பேசினார்" என்பது இலக்கணச் செய்திதானே, அது எப்படிக் குற்றமாகிறது?

நல்ல கேள்வி, விரிவாகச் சொல்ல வேண்டியது. ஒருவரைப் பன்மையில் சொல்வதைத் தொல்காப்பியமே பேசுகிறது. சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் அதை "வழக்கினாகிய உயர்சொற் கிளவி" என்று சொல்லி, அது இலக்கண நெறி அல்ல என்றும் சேர்த்துச் சொல்கிறது. அதாவது இலக்கணப்படி ஒருவர் ஒருமைதான், வழக்கம்தான் அவரை உயர்த்திப் பன்மையில் சொல்கிறது. எல்லோருக்கும் வழக்கமாகக் கிடைப்பதை உங்களுக்கு மட்டும் கொடுக்காமல் விட்டால் வலிக்கத்தானே செய்யும்.

ஆனால் ஒருமையே மரியாதைக்குறைவு ஆகிவிடாது. அம்மாவையும் நண்பனையும் கடவுளையும் 'நீ' என்றுதான் கூப்பிடுகிறோம். அதனால் வெறுமனே "ஒருமையில் பேசினார்" என்று நிறுத்தாமல், யார் யாரை என்பதையும் எழுதுங்கள்: "முன்பின் தெரியாத பெரியவரை வா, போ என்றார்." மறுபக்கமும் உண்டு. "நீங்க எல்லாம் பெரிய ஆளுங்க, எங்க பேச்சைக் கேப்பீங்களா" என்று பன்மையிலேயே ஒருவரை மட்டம் தட்டலாம்.

இதில் நம் எழுத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரே பத்தியில் "மேலாளர் சொன்னார்" என்றும் "காவலாளி சொன்னான்" என்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். "வேலைக்காரி வந்தாள், முதலாளியம்மா வந்தார்" என்றும் பார்த்திருப்பீர்கள். ஒரு பாத்திரத்தின் பேச்சில் அது வந்தால் சரி, அது அந்தப் பாத்திரத்தின் குணம். கதை சொல்பவரின் குரலிலோ செய்தியிலோ கட்டுரையிலோ வந்தால் அந்த அவமரியாதையைச் செய்வது எழுதுகிறவர்தான். எழுதி முடித்ததும் வினைமுற்றுகளை மட்டும் ஒரு முறை தனியாகப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. "மரியாதை இல்லாமல் பேசுகிறான்" என்று பெற்றோருக்கு எழுதலாமா?

அவன் என்ன சொன்னான் என்று எழுதுங்கள் டீச்சர். துடுக்காகப் பேசுகிறான் என்பது கொஞ்சம் மென்மையானது, வயதுக்கும் பொருந்தும். "எதிர்த்துப் பேசுகிறான்" என்று எழுதுமுன், அவன் எதிர்த்தானா அல்லது புரியாமல் கேள்வி கேட்டானா என்று ஒரு முறை யோசித்துவிடுங்கள். வீட்டில் அந்த வரிக்கு அடி விழக்கூடும்.

கேள்வி: பட்டிக்காட்டுத்தனம், வளர்ப்பு சரியில்லை, இதெல்லாம் எழுதலாமா?

தயவுசெய்து வேண்டாம். முதலாவது கிராமத்தில் வாழ்பவர்கள் எல்லோரையும் இழிவுபடுத்துகிறது. இரண்டாவது அங்கே இல்லாத தாய் தகப்பனைச் சண்டைக்குள் இழுக்கிறது.

கேள்வி: "இங்கிதம் தெரியாதவர்" என்பது திட்டா?

லேசான குறை, அவ்வளவுதான். துக்க வீட்டில் உட்கார்ந்து சொத்து யாருக்கு என்று விசாரிப்பவருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது, இடம் பொருள் தெரியாது. அவரை அநாகரிகமானவர் என்றால் அதிகம், இங்கிதம் தெரியாதவர் என்றால் சரியாக இருக்கும்.

கேள்வி: நண்பன் எல்லார் முன்னாலும் என் சம்பளத்தைச் சொல்லிக் கேலி செய்தான். வாட்ஸ்அப்பில் கண்டிக்க எந்தச் சொல் சரி?

எந்தச் சொல்லும் வேண்டாம். "நீ அநாகரிகமா நடந்துக்கிட்டே" என்று அனுப்பினால் அவன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு "நானா அநாகரிகம்?" என்று ஆரம்பிப்பான், சம்பளப் பேச்சு காணாமல் போகும். "நேத்து எல்லார் முன்னாடியும் என் சம்பளத்தைச் சொல்லிச் சிரிச்சது எனக்குக் கஷ்டமா இருந்துச்சுடா. இனிமே அதைப் பேசாதே" என்று அனுப்புங்கள். பின்னால் சிரிக்கிற பொம்மை எதுவும் சேர்க்காதீர்கள்.